கார்ன்வாலில் நான் விட்ட ஏலம்

கடலில் போன ஒரு பையனின் ஸ்வெட்டரை அவனைப் பெற்ற தாய்க்கே ஏலம் விட்டு, விலையையும் ஏற்றிவிட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் கடல், பாறை, பாலாடை என்று பெரிய ரசிகனைப் போல எழுதிக்கொண்டு போகும்போது யாரும் என்னை நல்ல மனிதன் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

எனக்கு வேலை காஞ்சன்பாக் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில். ஆய்வுப் பிரிவு. வார்ப்பு இரும்பில் சிவப்பு மையைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட சிவப்புக் கோடாக எழும்பும். அதைப் பார்த்து 'ஆகாது' என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. செகந்திராபாத்தில் எங்கள் வீடு இருக்கும் தார்நாகாவில் கம்பெனி பஸ் ஏறினால் பாதி வழி தூங்குவேன், மீதி வழி மற்றவர்களைத் தூங்கவிடாமல் ஜோக் அடிப்பேன். எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு கம்ப்ரெஸர் வாங்கினார்கள். கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் ஒருவர் இங்கிலாந்து போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு மேலே இருந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் குடலிறக்கம், இன்னொருவர் மேல் விசாரணை. இப்படித்தான் நான் சீமைக்குப் போனேன்.

இங்கிலாந்து வரைபடத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு கால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்தான் கார்ன்வால். அதை கவுண்டி என்கிறார்கள், நம் ஜில்லா மாதிரி. மூன்று பக்கமும் கடல். நானோ எங்கள் ஊர் ஏரி ஹுசேன் சாகரையே சமுத்திரம் என்று சொல்லி வளர்ந்தவன்.

வியாழக்கிழமை சாயங்காலம் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவருகே போனேன். கதவில் பிடியே இல்லை. தள்ளினேன், தட்டினேன், தோளால் முட்டினேன். ரயில் புறப்பட்டுவிட்டது. ஜன்னலோரம் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பக்கப் பிடியைத் திருப்ப வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றேன். நான் உடற்பயிற்சி செய்கிறேன் என்று நினைத்தாராம். கதவே சாத்தாத நாம்பள்ளி பாசஞ்சரில் பழகியவனுக்கு இது தேவைதான்.

அடுத்த ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்தேன். கண்டக்டர் அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என்னை 'மை லவர்' என்று கூப்பிட்டார். காது வரைக்கும் சூடேறிவிட்டது. அப்புறம் பார்த்தால் அடுத்த சீட்டுக் கிழவரையும் அப்படியே கூப்பிடுகிறார், ஒரு நாயையும்தான். அந்த ஜில்லாவில் அது நம் 'தம்பி', 'அண்ணாச்சி' மாதிரி. ஆண்கள் ஒருவரையொருவர் 'மை ஹாண்ட்சம்' என்கிறார்கள். ஆயுசில் முதல்முறையாக என்னை அழகன் என்று ஒரு மீன்காரர் கூப்பிட்டார். மறுத்துப் பேசவில்லை.

எனக்குத் தங்க இடம் ஒரு மீனவ ஊரில், மிஸஸ் பாஸ்கோ என்ற விதவை அம்மாளின் வீட்டில். துறைமுகத்தைப் பார்த்த கல் வீடு, மாடியில் ஓர் அறை. இது என் பையனுடைய ரூம் என்றார். நான் உடனே, எங்கள் ஊரிலும் அப்படித்தான் அம்மா, பசங்க எல்லாம் வேலை வேலை என்று வெளியூர் போய்விடுகிறார்கள், அறை காலியாகக் கிடக்கிறது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் கதவுப் பிடி கதையை ஆரம்பித்துவிட்டேன். அவர் சிரித்தார். சிரிக்கவைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

நடையில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. படகில் நிற்கும் ஒரு பையன், கருநீல ஸ்வெட்டர். தினமும் நாலு தடவை அதைத் தாண்டிப் போனேன்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலை. கம்ப்ரெஸரில் விரிசல் இல்லை. மத்தியானம் பாஸ்டி என்று ஒன்று கொடுத்தார்கள். சோமாசை யாரோ அடித்து வீங்கவைத்த மாதிரி இருக்கும், உள்ளே கறி, உருளைக்கிழங்கு, டர்னிப். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் பாதி தின்று வைத்தால் யாருடையது என்று தெரிய, ஓரத்தில் அவன் பெயரின் முதல் எழுத்தைக் குத்திவிடுவார்களாம். மறுநாள் காலையில் மிஸஸ் பாஸ்கோ செய்துகொடுத்த பாஸ்டியின் ஓரத்தில் என் பெயரின் எழுத்து இருந்தது. தொழிற்சாலையில் எல்லாரும் என்னை 'மிஸ்டர் தேவா' என்று பாதியில் வெட்டினார்கள். அவர் மட்டும் இரண்டு நாள் சொல்லிப் பார்த்து, 'தேவசகாயம்' என்று முழுசாகவே கூப்பிட்டார். என் மனைவி கிரேஸ், பெண்கள் ஷீலா, நிர்மலா, யாருக்குக் கணக்கு வராது, யாருக்கு மீன் முள் தொண்டையில் மாட்டியது, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சனிக்கிழமை ஜில்லாவைச் சுற்றிப் பார்த்தேன். மிஸஸ் பாஸ்கோவின் தம்பி கென் ஒரு வேனில் மீன் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய் விற்பவர். பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார். காலடியில் அயிரை மாதிரி ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது.

தென் கரையில் சின்னச் சின்னத் துறைமுகங்கள். மலை இடுக்கில் வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நின்று கடலை எட்டிப் பார்க்கின்றன. தெரு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா அகலம், அதில்தான் கென் வேனை விடுகிறார். வடகரை வேறு மாதிரி. செங்குத்துப் பாறை, கீழே வெள்ளையாக அடித்துக்கொள்ளும் தண்ணீர், கவனமில்லாமல் நின்றால் காற்றே நம்மைத் தள்ளிவிடும். மேல் கோட்டின் பட்டன் இரண்டு அங்கேதான் இருக்கின்றன. நடுவில் மேட்டுக்காடு. உருண்டைப் பாறையின் மேல் உருண்டைப் பாறை, அதன் தலையில் இன்னொன்று. இவ்வளவு தூரம் பறந்து வந்து எங்கள் ஊர் பஞ்சாரா ஹில்ஸைப் பார்க்கிறேனே என்று சொன்னேன். கென்னுக்குப் புரியவில்லை. நானே சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சின்ன ஜில்லாவுக்குள் நாலு கூட்டம். கடற்கரையில் மீன்காரர்கள். வெட்ட வெளியில் கூரை போன புகைபோக்கிகளைக் காட்டி, இது எங்கள் தாத்தா வேலை செய்த தகரச் சுரங்கம் என்பவர்கள் இன்னொரு கூட்டம். மூன்றாவது, பீங்கான் செய்கிற வெள்ளைக் களிமண் தோண்டுகிறவர்கள். அவர்கள் ஊரைச் சுற்றி உப்பைக் குவித்த மாதிரி வெள்ளை மலைகள், ஆற்றில் ஓடுவதும் பால் மாதிரி. நாலாவது, காலிஃபிளவர் போடும் விவசாயிகள். மீன்காரர் வீட்டில் விவசாயி பெண் எடுக்க மாட்டாராம், களிமண்காரரை இருவரும் மதிக்க மாட்டார்களாம். கேட்டதும் சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. எல்லாரும் ஒற்றுமையாக இருப்பது ஒரே விஷயத்தில். ஜில்லா எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இங்கிலாந்துக்காரன் வெளிநாட்டான். கோடையில் வரும் சுற்றுலாக்காரனுக்கு எறும்பு என்று பெயர். அப்போ நான் யார் என்று கென்னைக் கேட்டேன்.

"நீங்க லண்டன்காரனை விட பரவாயில்ல. ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கீங்க."

ஒரு சுரங்க ஊரில் வேன் நின்றது. பெண்கள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மீன் வாங்க வந்தார்கள். கூட வந்த ஒரு கிழவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, நல்ல தமிழில், "தண்ணி கொண்டா, சீக்கிரம், சும்மா இரு" என்றார். இளவயதில் கோலார் தங்கவயலில் மேஸ்திரிகளுக்கு மேலே மேஸ்திரியாக இருந்தாராம். என் பெரியப்பா அதே சுரங்கத்தில் டிராலி தள்ளியவர். இந்த மூன்று வார்த்தையையும் தினம் கேட்டிருப்பார். கூட வேலை செய்த தமிழர்களில் யாரையாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நல்ல ஆட்கள், ரொம்ப நல்ல ஆட்கள் என்றார். பெயர் ஒன்றும் வரவில்லை. வேனில் ஏறியதும் கென்னிடம் பொரிந்து தள்ளினேன். அத்தனை வருஷம் ஒரே குழிக்குள் இறங்கியிருக்கிறார், ஒருத்தன் பெயர்கூடவா கேட்டுவைக்க மாட்டார், என்ன மனுஷன் அய்யா என்றேன். கென் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

திரும்பும் வழியில் டீ. கூடவே ஒரு பன், ஜாம், அதன் மேல் மஞ்சள் பூத்த பாலாடை. நம் இரானி ஹோட்டலில் மலாயைக் கரண்டி நுனியில் காட்டிவிட்டு எடுத்துக்கொள்வார்கள். இங்கே செங்கலுக்குச் சிமெண்ட் பூசுகிற மாதிரி பூசுகிறார்கள். குங்குமப்பூ போட்ட மஞ்சள் ரொட்டியும் உண்டு. கேசரியை அடுப்பில் சுட்டமாதிரி இருக்கிறது என்றேன். பாராட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மிஸஸ் பாஸ்கோவோடு அவர்கள் கோயிலான சேப்பலுக்குப் போனேன். விளைந்ததைக் கொண்டுவந்து கோயிலில் வைக்கும் எங்கள் அறுப்பின் பண்டிகை மாதிரியே அவர்களுக்கும், ஆனால் கடலின் அறுப்பு. மாடியிலிருந்து வலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிரசங்க மேடைக்குக் கீழே நண்டுக் கூடை, கயிறு, ரொட்டி, ஆப்பிள், உருளைக்கிழங்கு, ஐஸ் மேல் கானாங்கெளுத்தி. மேடைக் கம்பியின் மேல் ஒரு கருநீல ஸ்வெட்டர், மடித்து. நல்ல வேலைப்பாடு என்று பார்த்துக்கொண்டேன். பாட்டு பாடும்போது கூரை எழும்பியது. நம் சபையில் பாடுவது சாமி காதுக்கு மட்டும், இவர்கள் கப்பலில் போகிறவனுக்கும் சேர்த்துப் பாடுகிறார்கள்.

வந்த காய்கறியையும் மற்றதையும் திங்கட்கிழமை சாயங்காலம் பக்கத்துப் பள்ளிக்கூட அறையில் ஏலம் விடுவார்கள் என்று சேப்பலைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் சொன்னார். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் தேவசகாயம்தான். சொந்த ஊரான தெற்கத்தி நாசரேத்தில் இருந்து எங்கள் அப்பா கொண்டுவந்தது வேதாகமமும் இந்தத் தொண்டையும். ரெண்டு முருங்கைக்காயை அரை மணி நேரம் விற்பேன். எங்களுக்கு ஒரு விதி. பீடத்துக்கு முன்னால் வைத்த பொருள் திரும்ப வீட்டுக்குப் போகாது, போக வேண்டுமென்றால் வைத்தவரே ஏலத்தில் எடுக்க வேண்டும். தான் கொடுத்த கோழியைத் தானே கேட்கிற அம்மாள் யாராவது வந்துவிட்டால் அதுதான் உச்சகட்டம். ஏலம் போடுகிறவன் விடக் கூடாது. எதிரே ஆளைக் கிளப்பிவிடணும், ஆள் இல்லாவிட்டால் தானே கேட்டு ஏற்றணும். சபையே கைதட்டும். கோழியைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் ராணி மாதிரி போவாள். கடவுளுக்கு இரண்டு தடவை கொடுத்த பெருமை.

இதையெல்லாம் அவர்களிடம் அபிநயத்தோடு சொன்னேன். அப்போ நாளைக்கு நீங்களே போடுங்களேன் என்றார்கள்.

திங்கள் மத்தியானமே போய்ச் சாமான்களை சேப்பலில் இருந்து பள்ளிக்கூட அறைக்குத் தூக்கினேன். வலையும் கூடையும் படகுக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். கடைசியாக ஒரு பார்வை பார்த்தேன். கம்பியின் மேல் அந்த ஸ்வெட்டர். யாரோ மறந்துவிட்டார்கள், நல்லவேளை நான் பார்த்தேன் என்று ஆப்பிள் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்துக் கொண்டுபோனேன்.

சாயங்காலம் அறை நிறைந்துவிட்டது. கையில் ஒரு பூரிக்கட்டை. முதல் பூசணிக்காயிலேயே எல்லாரையும் பிடித்துவிட்டேன். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று தமிழில் சொல்லக் கற்றுக்கொடுத்தேன், மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தியது. ஒரு முட்டைக்கோஸ் மூன்று தடவை விற்கப்பட்டது. கென் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மிஸஸ் பாஸ்கோ மூன்றாவது வரிசையில் மடியில் கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆப்பிள் போனதும் பெட்டிக்கு அடியில் இருந்ததை எடுத்து உதறினேன். நாயகனுக்கு ஏற்ற உடுப்பு என்று சொல்லி, தலை வழியாக மாட்டி இழுத்தேன். என் வயிறு அதில் இறங்க மறுத்தது. கை இடுக்கில் ஏதோ பட் என்றது. இப்படி அப்படித் திரும்பி மாடல் அழகி மாதிரி நடந்துகாட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் பாதி எழுந்து நின்றார், உட்காரவும் இல்லை, வரவும் இல்லை. கம்பளி விஷயத்தில் கஞ்சர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது மிஸஸ் பாஸ்கோ கையைத் தூக்கினார்.

"ஒரு பவுண்டு."

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொன்னால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் வைத்ததுதான் போலிருக்கிறது, தன் கோழியைத் தானே கேட்கும் அம்மாள் இங்கேயும் உண்டு என்று புரிந்துகொண்டேன். அவ்வளவு தூரம் சரியாகத்தான் புரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட கம்பளிக்கு ஒரு பவுண்டா, எதிர்த்துக் கேட்க இந்த ஊரில் ஆண்பிள்ளை இல்லையா என்று கத்தினேன். ஒரு கையும் எழவில்லை. சரி, செகந்திராபாத் சார்பில் நானே இரண்டு பவுண்டு என்றேன்.

"மூணு," என்றார் அவர். குரல் முன்னே மாதிரியே இருந்தது.

ஒரு தரம் என்றேன். யாரும் சேர்ந்து சொல்லவில்லை. ரெண்டு தரம், மூணு தரம் என்று நானே சொல்லி, கட்டையால் மேஜையைத் தட்டி, ஸ்வெட்டரைக் கழற்றி, இடுப்பை வளைத்து ராஜசபை வணக்கம் போட்டு அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்ததாக ஒரு வெங்காயக் கொத்தை யாரோ என் கையில் திணித்தார்கள்.

முடிந்ததும் கென் என்னைத் துறைமுகச் சுவர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கரைப் பெண்கள் இந்த ஸ்வெட்டர் பின்னுவதில் ஊருக்கு ஒரு பின்னல் வைத்திருக்கிறார்கள், உடல் எங்கே கரை ஒதுங்கினாலும் எந்த ஊர் ஆள் என்று தெரியும் என்றார். அப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா பையன் போன அன்னைக்கு வேற ஒண்ணைப் போட்டுட்டுப் போனான். இது துவைச்சுக் கொடியில காஞ்சுகிட்டிருந்துச்சு. ஆளும் கிடைக்கல, படகும் கிடைக்கல. இதுதான் இருக்கு. வருஷா வருஷம் அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் சேப்பல்ல வைப்பா, மறுநாள் வந்து எடுத்துட்டுப் போவா. நேத்து நீங்க முந்திட்டீங்க."

நேற்று இல்லை, இன்றைக்கு என்று திருத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

ஏன் யாரும் என்னை நிறுத்தவில்லை என்று கேட்டேன். அக்காள் கை தூக்கிவிட்டாள், அதற்கு மேல் யார் பேசுவது என்றார் கென்.

அன்றைக்கு அந்த அறையில் தூங்கினேன் என்று சொன்னால் பொய். கட்டில் சின்னது என்று ஐந்து நாளாக அவரிடம் கேலி செய்திருந்தேன். பத்தொன்பது வயதுப் பையனின் கட்டில் அவ்வளவுதான் இருக்கும். வயது கென் சொன்னது.

செவ்வாய்க்கிழமை காலையில் சமையலறைக்கு இறங்கிப் போனேன். அடுப்போரம் உட்கார்ந்து கை இடுக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் எனக்கு முட்டை, ரொட்டி, எப்போதும் போல. மாடிப்படியில் தயார்செய்துகொண்டு வந்த மன்னிப்புப் பேச்சை ஆரம்பித்தேன். எங்கள் சபை வழக்கம், பீடம், கோழி என்று எங்கெங்கோ போயிற்று.

"முட்டை ஆறிடும், தேவசகாயம்," என்றார்.

சாப்பிட்டேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஸ்வெட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தோள் உங்களுக்குச் சரியாத்தான் இருந்துச்சு. வயித்துக்குத்தான் பத்தல."

நான் அழுதுவிட்டேன். முட்டையின் மேலேயே அழுதேன். அவர் எழுந்து வந்து, பாத்திரம் துடைக்கிற துணியை என் கையில் கொடுத்து, முதுகில் தட்டிக்கொடுத்தார். துக்கம் அவருடையது, ஆறுதல் எனக்கு. அதையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். புறப்படும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார், குங்குமப்பூ ரொட்டி.

ரயிலில் கதவுப் பிடியை இந்தத் தடவை சரியாகத் திறந்தேன். பெருமைப்பட ஆள் இல்லை.

தார்நாகா வந்து சேர்ந்த அன்று மத்தியானமே கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது மறுபடி அழுதேன். அவள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பெண்கள் இரண்டும் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தன. சின்னவள் நிர்மலா, அந்த ஆன்ட்டியின் ஸ்வெட்டரை டாடி 'கைக்கு' போட்டுக்கொண்டார், ஏன் போட்டுக்கொண்டார் என்று அக்காளிடம் எங்கள் ஊர் ஹிந்தியில் கேட்டாள். பெரியவள் அவளைக் கிள்ளினாள்.

பொட்டலத்தின் மேல் பென்சிலில் எழுதியிருந்தது. கிரேஸுக்கு, ஷீலாவுக்கு, நிர்மலாவுக்கு. கிரேஸ் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"இம்புட்டு சொன்னியளே, அந்தப் பையன் பேரு என்ன?"

மின்விசிறியைப் பார்த்தேன். ஷீலா, நிர்மலா, கிரேஸ் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதுவும் கேக்கலையா," என்றாள் கிரேஸ். "அப்போ நீங்க அழுதது அந்தம்மாவுக்காவ இல்ல. நாலு பேரு முன்னால உங்க மானம் போச்சேன்னுதான் அழுதிருக்கிய."